கிரியேட்டினினுக்குப் பயந்து இதயத்தைக் கைவிடலாமா?

‘ஹார்ட் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்.’ நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம்வரை இந்தப் பேச்சு காதில் விழாத இதய நோயாளி இருக்கமாட்டார். இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்றே ஏறிவிட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரர், ஊரிலிருந்து ஃபோனில் பேசும் சித்தி, மருந்துக்கடைக்காரர், சில நேரம் அவசரத்துக்குப் போய்ப் பார்த்த வேறொரு டாக்டர் என எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: முதலில் மாத்திரையை நிறுத்து. அக்கறையில் பிறந்த யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் தவறான யோசனை. பல சமயம் உயிரையே விலையாகக் கேட்கும் யோசனை.

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் வந்த பிறகு இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், வயதான பெற்றோரை ஊரில் தனியே விட மனமில்லாமல் உடன் அழைத்து வந்து வைத்திருக்கிறார்கள். அப்படியொரு வீட்டை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எழுபது வயது. இரண்டு வருடத்துக்கு முன் அட்டாக் வந்தது. எக்கோவில் ‘பம்பிங் முப்பதுதான்’ என்றார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இன்று லேப் தாள் வந்திருக்கிறது. 1.2 ஆக இருந்த கிரியேட்டினின் 1.6 ஆகியிருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறி. எதிர் வீட்டுத் தமிழ்ப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “அக்கா, அந்தத் தண்ணி மாத்திரைய மொதல்ல நிறுத்துங்க. எங்க மாமாவுக்கு அதுலதான் கிட்னி போச்சு.”

அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஒரு வாரமாக இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறார். அதை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் அத்தனை பேர் கண்ணும் அந்தத் தாளின் மீதுதான். மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கி, எதிர் வீட்டுக்காரரின் வாக்கு பலித்ததாக எல்லாரும் மகிழவும்கூடும். பிறகு ஒரு நள்ளிரவில் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வரும்போது, அந்த மகிழ்ச்சிக்கும் இந்த மூச்சுத்திணறலுக்கும் இடையில் கோடு போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

முதலில் அந்த மாமாவின் கதைக்கு வருவோம். பொதுக்கருத்தின் பலமே இத்தகைய மாமாக்கள்தான். விசாரித்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இருபது வருடச் சர்க்கரை, அதே அளவு பழைய ரத்த அழுத்தம், பிறகு மாரடைப்பு, பிறகு இதயச் செயலிழப்பு, பிறகு கால் வீக்கம். அந்த வீக்கத்துக்காக நீர் மாத்திரை. அதற்குப் பிறகு டயாலிசிஸ். இந்த வரிசையில் டயாலிசிஸுக்கு முன் கடைசியாக வந்து சேர்ந்தது நீர் மாத்திரை. ஆகவே பழியும் அதன் மேல். இருபது வருடம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அரித்த சர்க்கரையை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அடுத்தடுத்து நடந்த இரண்டில் முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவுகட்டும் பழைய பிழைதான் இது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எவ்வளவோ காலமாகச் சொல்லிவருகிறோம். லேப் தாளைக் கையில் வாங்கியதும் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் இதய நோயாளிக்குச் சிறுநீரகம் ஏன் தளர்கிறது? இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. பம்ப் பலவீனமானால் அந்த வரத்து குறையும் என்பது எளிதில் புரியும். பல காலம் மருத்துவர்களும் அதையே முழு விளக்கமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாதிக் கதை பின்பக்கம் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் போன ரத்தம் சிரை வழியாக வெளியேறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். இதயம் அதை வாங்கிக்கொள்ள முடியாமல் திணறினால் சிரைகளில் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் இறுக்கமான உறைக்குள் இருக்கும் உறுப்பு. உள்ளே வீங்க இடமில்லை. வடிகட்டும் வேலை தடைப்படுகிறது.

2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு கரைபுரண்டு டெக்னோபார்க் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைக் கழக்கூட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று வீட்டுக் குழாயை இறுக்கி மூடியிருந்தால் வெள்ளம் வடிந்திருக்குமா? வடிகால் திறந்தால்தான் வடியும். தேங்கிய சிறுநீரகத்தின் நிலையும் அதுதான். நீர் மாத்திரை செய்வது வடிகாலைத் திறக்கும் வேலை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1931-இலேயே எஃப். ஆர். விண்டன் என்ற உடலியல் அறிஞர், உடலிலிருந்து தனியே எடுத்த சிறுநீரகத்தில் சிரை அழுத்தத்தை ஏற்றினால் சிறுநீர் குறைவதைக் காட்டினார். பிறகு அது ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 2009-இல் வெளிவந்த ஆய்வில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள், இதயச் செயலிழப்பு முற்றிச் சேர்க்கப்பட்ட 145 நோயாளிகளின் இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தங்களை நேரடியாக அளந்தார்கள். அவர்களில் 40 சதவீதத்தினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு மோசமானது. மோசமானவர்களின் இதயம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக ரத்தம் வெளியேற்றியதா என்றால் இல்லை. அவர்களிடம் கூடுதலாக இருந்தது சிரை அழுத்தம். தேக்கம் வடிந்தவர்களின் சிறுநீரகம் தப்பியது.

இப்போது நம் வீட்டு அம்மாவிடம் திரும்பிப் பாருங்கள். கணுக்கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. மூன்றும் ஒரே தேக்கத்தின் அடையாளங்களாக இருக்கலாம். அந்த நிலையில் நீர் மாத்திரையை நிறுத்துவது சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வேலையா, மூழ்கடிக்கும் வேலையா? 2011-இல் வெளிவந்த ‘டோஸ்’ ஆய்வு இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டது. மருத்துவமனையில் சேர்ந்த 308 பேரில் ஒரு பாதிக்கு ஃபுரோசமைடு நீர் மருந்தைப் பழைய அளவிலும், மறுபாதிக்கு அதைப்போல் இரண்டரை மடங்கும் கொடுத்தார்கள். மூன்று நாளில் கிரியேட்டினின் குறிப்பிடத்தக்க அளவு ஏறியவர்கள் குறைந்த அளவில் 14 சதவீதம், கூடிய அளவில் 23 சதவீதம். பொதுக்கருத்துக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு ‘பார்த்தீர்களா’ என்பார்கள். அறுபதாம் நாளில் பார்த்தபோது இரு பிரிவினரின் சிறுநீரகத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஏறியது இறங்கிவிட்டது.

அடுத்தது, இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் ராமிபிரில், எனலாபிரில் வகை மாத்திரைகள். இவை கிரியேட்டினினை ஏற்றும் என்பது உண்மை. எப்படி ஏற்றுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாயும் வெளியே போக ஒரு நுண்குழாயும் உண்டு. இதயம் தளர்ந்தவரின் உடல், ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைச் சுரந்து வெளியேறும் குழாயை நெரித்து, வடிகட்டிக்குள் அழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருக்கிறது. அன்றைய எண் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அழுத்தத்திலேயே வடிகட்டி வருடக்கணக்கில் தேய்ந்துகொண்டிருக்கும். மாத்திரை அந்த நெரிப்பைத் தளர்த்துகிறது. உள்ளழுத்தம் குறைகிறது, வடிகட்டும் வேகமும் சற்றுக் குறைகிறது, கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. வடிகட்டி உடைந்ததால் ஏற்பட்ட ஏற்றம் இல்லை இது. அதன்மேல் இருந்த பாரம் குறைந்ததால் ஏற்பட்டது.

சரி, எவ்வளவு ஏற்றத்தைப் பொறுக்கலாம்? ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டுதல் இதற்குத் தெளிவான எல்லை வைத்திருக்கிறது. பழைய அளவிலிருந்து 50 சதவீதம் வரையோ, 3 என்ற எண் வரையோ, இரண்டில் எது சிறியதோ அதுவரை கிரியேட்டினின் ஏறலாம், இந்த மாத்திரைகளால் கூடக்கூடிய பொட்டாசியம் 5.5 வரை இருக்கலாம். கிரியேட்டினின் இரட்டிப்பானாலோ 3.5-ஐத் தாண்டினாலோ, பொட்டாசியம் 5.5-க்கு மேல் போனாலோதான் இந்த வகை மாத்திரையை நிறுத்தி நிபுணரைக் கேட்கச் சொல்கிறது. நம் அம்மாவின் கணக்கைப் போடுங்கள். 1.2-இலிருந்து 1.6 என்பது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. எல்லை 1.8. எதிர் வீட்டுத் தீர்ப்பு வந்தபோது அவர் எல்லைக்குள்தான் இருந்தார். தேவைப்பட்டது பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்ப்பது, கால் வீக்கத்தைக் கவனிப்பது, ஓரிரு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பது.

கிரியேட்டினின் என்ற எண்ணுக்கே ஒரு குணம் உண்டு. அது தசையிலிருந்து வரும் கழிவு. நீண்ட நோயில் தசை வற்றிப்போன கிழவிக்குச் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் எண் 1.1 என்று சாதுவாக இருக்கும். ஜிம்முக்குப் போகும் இளைஞருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே 1.3 காட்டும். ஒற்றை எண்ணை வைத்து ஜாதகம் சொல்லக் கூடாது. எங்கிருந்து ஏறியது, எத்தனை நாளில் ஏறியது, ஏறும்போது நோயாளி எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும். வீக்கம் வடிந்து, மூச்சு சீராகி, மாடிப்படி ஏறுகிறவரின் கிரியேட்டினின் 1.6 வேறு. வீக்கத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் 1.6 வேறு.

இதுவரை சொன்னது உடலியல். இனி ஊர்க்கணக்கு. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆய்வு, நம்ம உடம்புக்குச் சரிவராது’ என்பவர்களுக்குத் திருவனந்தபுரமே பதில் வைத்திருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் முயற்சியில் 2013-ஆம் ஆண்டு முழுவதும் இம்மாவட்டத்தின் 13 நகர்ப்புற, 5 கிராமப்புற மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு என்று உலக மருத்துவ இதழ்களில் பேசப்படுவது இதுதான். கழக்கூட்டம் அடங்கிய மாவட்டத்தின் சொந்தக் கணக்கு. சராசரி வயது 61. மேலைநாட்டுப் பதிவேடுகளில் எழுபதைத் தாண்டுவது வழக்கம். நம்மவர்களுக்குப் பத்து வருடம் முன்னதாகவே இந்த நோய் வந்துவிடுகிறது. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.5 சதவீதம். ஐந்து வருட முடிவில் இறந்திருந்தவர்கள் 59 சதவீதம். பல புற்றுநோய்கள்கூட இவ்வளவு பேரைக் கொண்டுபோவதில்லை.

அந்தப் பதிவேட்டின் முதல் அறிக்கையில், 90 நாளுக்குள் மரண அபாயத்தோடு தொடர்புடையவை எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முதுமை, குறைந்த கல்வி, பம்பிங் குறைவு, நோயின் தீவிர நிலை ஆகியவற்றோடு இரண்டு விஷயங்கள் அதில் வருகின்றன. ஒன்று, உயர்ந்த கிரியேட்டினின். இன்னொன்று, போதாத மருந்துச் சிகிச்சை. பொதுக்கருத்து இந்த முதலாவதைப் பார்த்துப் பயந்து இரண்டாவதை வரவழைக்கிறது. கிரியேட்டினின் ஏறியவர் ஏற்கெனவே ஒரு அபாயத்தைச் சுமக்கிறார். அவருடைய மருந்தைப் பிடுங்கினால் இரண்டாவது சுமையும் அவர் தலையில். சிறுநீரகம் தளர்ந்த இதய நோயாளிக்கு மருந்து மற்றவர்களைவிட அவசியம். நாமோ அவரிடமிருந்துதான் முதலில் பறிக்கிறோம்.

அதே அறிக்கையில் இன்னொரு எண் உண்டு. பம்பிங் குறைந்தவர்களில், மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும்போது வழிகாட்டுதல் சொல்லும் மருந்துகளோடு போனவர்கள் 25 சதவீதம்தான். நாலில் மூன்று பேர் அரைகுறைச் சிகிச்சையோடு வீடு திரும்பினார்கள். பிற்பாடு இதே நிறுவனம் முன்னின்று நடத்திய தேசியப் பதிவேட்டில், 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைக் கணக்கெடுத்தபோது அது பாதிக்குச் சற்றுக் குறைவு என்ற நிலைக்கு உயர்ந்திருந்தது. முன்னேற்றம்தான், பாதிப்பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இதற்கு விலை ஒரு காரணம், தாழ்ந்த ரத்த அழுத்தம் ஒரு காரணம், மறுபரிசோதனைக்கு வர முடியாத தூரம் ஒரு காரணம். ஆனால் சிறுநீரகப் பயத்துக்கு இதில் பங்கில்லை என்று எந்த இதய மருத்துவரும் சொல்லமாட்டார்.

கூர்மையான வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். மோசமான நோயாளிகளுக்குத்தானே மருந்து குறைக்கப்படுகிறது. அவர்கள் நோய் முற்றி இறந்திருக்கலாமே, மருந்துக் குறைவால்தான் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. பதிவேடு மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கும் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன. 1987-இல் வெளிவந்த ‘கன்சென்சஸ்’ ஆய்வு, நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்த 253 பேரிடம் எனலாபிரிலைச் சோதித்தது. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரைப் பிரிவில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். எனலாபிரில் பிரிவில் 26 சதவீதம். அதே எனலாபிரிலைப் பற்றி நடந்த ‘சால்வ்டு’ ஆய்வின் தரவுகளைப் பின்னாளில் அலசியவர்கள், மருந்தைத் தொடங்கிய சில நாளில் சிறுநீரக எண் இறங்கியவர்களுக்கு அதனால் மரணம் கூடவில்லை என்று கண்டார்கள்.

‘இருக்கட்டும், நிறுத்தினால் கிட்னியாவது மிஞ்சுமே’ என்பது கடைசி அரண். அந்த அரணையும் நேரடியாகவே சோதித்துவிட்டார்கள். பிரிட்டனில் சிறுநீரகம் முற்றித் தளர்ந்த 411 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப்பேருக்கு இந்த வகை மாத்திரையை நிறுத்தினார்கள், மீதிப்பேருக்குத் தொடர்ந்தார்கள். 2022-இல் வந்த முடிவு: மூன்று வருடம் கழித்து நிறுத்தியவர்களின் சிறுநீரகம் ஒரு துளியும் மேலாக இல்லை. டயாலிசிஸ் அல்லது அதற்கு நிகரான நிலைக்குப் போனவர்கள் நிறுத்திய பிரிவில் 62 சதவீதம், தொடர்ந்த பிரிவில் 56 சதவீதம். இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியானதில்லை. இவர்கள் இதயச் செயலிழப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இல்லை. ஆனால் ‘நிறுத்தினால் சிறுநீரகம் பிழைக்கும்’ என்ற நம்பிக்கைக்கு இதில் ஊன்ற இடமே கிடையாது.

டாபாகிளிஃப்ளோசினின் கதை இன்னும் வேடிக்கையானது. சர்க்கரைக்காக வந்த மாத்திரை. 2019-இல் வெளிவந்த ஆய்வில் 4744 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது, நோய் முற்றுவதும் இதயத்தால் இறப்பதும் 21.2 சதவீதத்திலிருந்து 16.3 ஆகக் குறைந்தது. அடுத்த வருடம் வெளிவந்த இன்னோர் ஆய்வில் அதே மாத்திரையைச் சிறுநீரக நோயாளிகள் 4304 பேரிடம் சோதித்திருந்தார்கள். சிறுநீரகம் கெடுவதும் அதனால் இறப்பதும் கணிசமாகக் குறைந்தன. இரண்டிலும் இந்திய நோயாளிகள் உண்டு. இந்த மாத்திரையும் முதல் சில வாரங்களில் கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றும். அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர், சிறுநீரக மருத்துவர்கள் சிறுநீரகத்தைக் காக்கவென்றே எழுதிக்கொடுக்கும் மருந்தைச் சிறுநீரகத்தின் பெயரால் குப்பையில் போடுகிறார். 2020-இல் காப்புரிமை முடிந்து இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதில் விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. விலை என்ற சாக்கு தளர்ந்தபின் மிஞ்சி நிற்பது பயம்தான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் பேசியாக வேண்டும். இந்த மருந்துகள் ஆபத்தே இல்லாதவை என்று எவரேனும் சொன்னால் அது இன்னொரு பொய். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் 1999-இல் ‘ரேல்ஸ்’ ஆய்வில் மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. உடனே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் அதை அள்ளி எழுதத் தொடங்கினார்கள். ஆய்வில் சேர்க்காத நோயாளிகளுக்கும், ரத்தப் பரிசோதனையைக் கண்டிப்பாகத் தொடராமலும் எழுதினார்கள். விளைவு, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது, 2001-இல் 11 ஆனது. பொட்டாசியம் எல்லை மீறினால் இதயம் நின்றுவிடும். அதில் சமரசமே கிடையாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சலில் உடல் வற்றிக் கிடக்கும்போது நீர் மாத்திரையையும் இந்த இதய மருந்துகளையும் வழக்கம்போல் விழுங்கினால் சிறுநீரகம் அடிவாங்கும் என்பதும் உண்மை. கிரியேட்டினின் மிக உயர்ந்தவர்களைப் பல பெரிய ஆய்வுகள் சேர்த்துக்கொள்ளவில்லை. ரேல்ஸில் எல்லை 2.5. அதற்கு மேல் இருப்பவர்களுக்கு மருத்துவர் தயங்கித் தயங்கி அடியெடுத்து வைப்பதில் குற்றம் காண முடியாது.

ஆனால் இவை எல்லாம் எதற்குச் சான்று? கவனித்துக் கொடு என்பதற்கு. கொடுக்காதே என்பதற்கு இதில் ஒரு வரிகூட இல்லை. ஒன்டாரியோவில் தவறியது பரிசோதனை. நம் ஊரில் பரிசோதனையைச் செய்துவிட்டு, அதன் முடிவைத் தப்பாகப் படித்து மருந்தை நிறுத்துகிறோம். இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

வேடிக்கை என்னவென்றால், டாக்டர் எழுதிய மாத்திரையைச் சந்தேகிக்கும் அதே வீட்டில் சிறுநீரகத்தை உண்மையாகவே கெடுக்கும் பொருட்கள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் உள்ளே வருகின்றன. முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் முதலாவது. வலிமாத்திரை சிறுநீரகத்துக்குள் வரும் குழாயைச் சுருக்குகிறது, உடலில் உப்பையும் நீரையும் தேக்குகிறது. நீர் மாத்திரையும் ராமிபிரிலும் சாப்பிடுகிறவர் அதோடு இதையும் சேர்த்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் மாட்டிக்கொள்ளும். பிறகு கிரியேட்டினின் ஏறும். பழி ராமிபிரில் மேல் விழும். வலிமாத்திரை அலமாரியிலேயே இருக்கும்.

இரண்டாவது, இயற்கை வைத்தியம் என்ற பெயரில் வருபவை. கேரளத்து வீட்டுக் கொல்லைகளில் காய்க்கும் இரும்பன்புளியைச் சாறாக அடித்துக் குடித்தால் கொழுப்பு குறையும் என்றொரு நம்பிக்கை பரவியது. அதைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி, இம்மாநிலத்தின் ஐந்து மருத்துவமனைகளிலிருந்து தொகுத்து 2013-இல் இந்தியச் சிறுநீரகவியல் இதழில் எழுதினார்கள். காயில் மிகுந்திருக்கும் ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்ததுதான் காரணம். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மரத்தில் காய்த்தது என்பதற்காகச் சிறுநீரகம் யாரையும் மன்னிப்பதில்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருப்பதும், இளநீரிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் அது மிகுந்திருப்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியவை. ‘கிட்னிக்கு நல்லது’ என்று தினமும் இளநீர் வெட்டிக் கொடுக்கும் பாசத்தில் பொட்டாசியம் ஏறும். பிறகு அதற்காக ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்துவார்கள். கால் வீங்கிக் கிடப்பவரிடம் ‘தண்ணி நெறைய குடிங்க, கிட்னி கழுவும்’ என்பதும் இந்த ரகம்தான். அவர் உடலில் தேவைக்கு மேல் நீர் ஏற்கெனவே தேங்கியிருக்கிறது.

நோயாளிகளை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. இந்தப் பொதுக்கருத்துக்கு மருத்துவர்களிலும் ஆதரவாளர்கள் உண்டு. மருந்தைக் கொடுத்துக் கிரியேட்டினின் ஏறினால் அது அவர் செய்த காரியம் என்று தாளில் பதிவாகும். மருந்தைக் கொடுக்காமல் நோயாளி மூன்று மாதம் கழித்து இறந்தால் அது விதி என்று எழுதப்படும். செய்ததற்குப் பழி உண்டு, செய்யாததற்கு இல்லை என்ற இந்தக் கணக்குதான் பல கைகளைக் கட்டிப்போடுகிறது. இதய மருத்துவர் எழுதியதைச் சிறுநீரக மருத்துவர் நிறுத்துவதும், சிறுநீரக மருத்துவர் நிறுத்தியதை இதய மருத்துவர் மறுபடி தொடங்குவதுமாக, இரண்டு சீட்டுக்கு நடுவில் நோயாளி அலைகிறார். கோட்டாற்றிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு டாக்டர், திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் என்று மாநில எல்லையைத் தாண்டிச் சிகிச்சை பெறும் குமரிக்காரர்களுக்கு இந்த அலைச்சல் இரட்டிப்பு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதற்கு நோயாளியின் பிளாஸ்டிக் பையைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? குடும்பத்தார் ஒன்றை உறுதியாக வைத்துக்கொள்ளலாம்: எழுதிய மருத்துவரைக் கேட்காமல் இதய மாத்திரையை நிறுத்துவதில்லை. கிரியேட்டினின் தாளைக் காட்டும்போது பழைய தாளையும், பொட்டாசியம் எண்ணையும், கடந்த இரண்டு வாரத்தின் எடைக் குறிப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தேங்கிய நீர். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாந்தி, பேதி வந்த நாளில் எந்த மாத்திரையை எத்தனை நாள் தள்ளி வைக்கலாம், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது மருந்து தொடங்கினாலோ அளவு கூட்டினாலோ ஓரிரு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லாத மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வலிமாத்திரை வாங்கும் முன் இதய நோய் இருப்பதைச் சொல்லுங்கள்.

அரசுகளுக்கும் வேலை இருக்கிறது. கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டு சேர்க்கிறது. மாத்திரையைத் தேடிக் கொண்டுபோகிறவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் உரிய காலத்தில் அளக்கும் ஏற்பாட்டையும் கொண்டுபோகட்டும். டயாலிசிஸுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பக் காசு.

தளர்ந்த இதயத்தைக் கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய மருத்துவம் உலகில் எங்கும் இல்லை. திருவனந்தபுரத்தில் பதிவான 1205 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தே வருடத்தில் இறந்துபோனார்கள். அடுத்த முறை லேப் தாளைப் பார்த்து யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நிறுத்தியபின் இவருடைய இதயத்துக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லாதவர் பேச்சைக் கேட்டு ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.